ஏலத்தில் கைவினைப் பொருள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துர்க்மேனிய விரிப்பு, ஜப்பானிய நெட்சுகே போன்றவற்றை லண்டன் ஏலங்களில் இணையவழி கேட்டு எடுக்க விரும்புகிறேன். கேட்ட தொகையோடு செலவு முடிந்துவிடுமா? கையால் செய்தது என்பதை எப்படி உறுதி செய்வது?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: முடியாது. நம் ஊர்க் கோயில் ஏலத்தில் மூன்று தரம் சொன்னதும் பணத்தைக் கட்டிப் பொருளை எடுத்து வந்துவிடலாம். லண்டனில் அப்படியில்லை, சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒன்று உண்டு. கிறிஸ்டீஸ், சதபீஸ் ஆகிய இரு ஏல நிறுவனங்களும் 1975இல் 10 சதவீதமாகத் தொடங்கிய இக்கட்டணம் இன்று பல இடங்களில் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இந்தியச் சுங்கவரியோ, பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் கூட்டிய தொகையின் மீது விதிக்கப்படுகிறது. ஆகவே, வீடு வந்து சேரும்போது எவ்வளவு ஆகலாம் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து இவற்றையெல்லாம் கழித்து வரும் தொகைக்கு மேல் எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள்.

விரிப்பைப் பொறுத்தவரை, முகப்புப் படத்தை விட முதுகுப் படம்தான் முக்கியம். அதைக் கேட்டு வாங்குங்கள். கையால் முடிச்சிட்ட விரிப்பின் பின்புறத்தில் முன்புறக் கோலம் முடிச்சு முடிச்சாக அப்படியே தெரியும். ஓரக் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாகவே இருக்கும். குஞ்சத்தைத் தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால், அது இயந்திர நெசவாகவோ பின்னர் பழுது பார்த்ததாகவோ இருக்கக்கூடும்.

நெட்சுகே என்பது ஜப்பானியர் இடைக்கச்சையில் புகையிலைப் பை முதலியவற்றைத் தொங்கவிடச் செருகிய சிறு செதுக்குப் பொருள். அவற்றில் பல யானைத் தந்தத்தால் ஆனவை. எவ்வளவு பழையதானாலும் தந்தத்தை வாங்கி இந்தியாவுக்குள் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிரிட்டனிலும் 2022 முதல் தந்த வணிகம், சில விதிவிலக்குகள் தவிர, தடை செய்யப்பட்டுள்ளது. மரத்தில் செதுக்கியவை ஏராளமாக உள்ளன. என் கண்ணுக்கு அவையே அழகு.

கேள்வி: ஏலத்துக்கு வரும் ஆறன்முளைக் கண்ணாடி அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகி, பாறசாலை

பதில்: செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து மெருகேற்றிய உலோகம் அது, மேற்பரப்பே பிம்பம் காட்டும். ஒரு தாளின் நுனியை அதன் மீது வையுங்கள். நுனியும் பிம்பமும் இடைவெளியின்றித் தொட்டால் அசல். நடுவில் இடைவெளி தெரிந்தால், பின்புறம் ரசம் பூசிய சாதாரணக் கண்ணாடி.

கேள்வி: பாட்டி காலத்துக் காளஹஸ்தி கலம்காரித் துணி ஒன்று வீட்டில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்கிறார்கள். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா?
— வாசகர், நகரி, ஆந்திரம்

பதில்: சொல்வது உண்மையானால் அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. ஆனால் வயதை வீட்டார் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 1950களின் பிற்பகுதியில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கிய பிறகே அக்கலை மீண்டும் தழைத்தது. உங்களுடையதும் அதன் பின் வந்ததாக இருக்கலாம். கறுப்புக் கோடுகளை உருப்பெருக்கியில் பாருங்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கறுப்பு, நாளடைவில் நூலையே அரித்துவிடுவதால், பழைய துணிகளில் கோடு ஓடிய இடம் மட்டும் நைந்திருப்பதுண்டு. கலம் எனப்படும் மூங்கில் எழுதுகோலால் இழுத்த கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். அச்சில் அந்த ஏற்ற இறக்கம் வராது. துவைக்க மட்டும் வேண்டாம். நூறாண்டுக்கு உட்பட்டதாகத் தோன்றினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற்ற பின்னரே ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள்.