ஆற்றுக்கு முன்னால் ஒரு தொட்டி: கேள்வி பதில்

சிறிய ஊர் ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: கழிவுநீரில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர்தானாமே? ஆற்றில் விட்டால் அதுவே சுத்தமாகிவிடாதா?

ஆகிவிடும், ஆனால் மீன்கள் செத்த பிறகு. அழுக்கைத் தின்பது பாக்டீரியா. தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அது இழுத்துக்கொள்ளும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் இருக்கும். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீருக்கோ ஐந்து நாளில் 200 மில்லிகிராம் வரை தேவைப்படும். இந்தக் கணக்கைத்தான் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை) என்கிறோம். 25 லிட்டர் ஆற்று நீரின் மூச்சு அதிலேயே போய்விடும். காற்றிலிருந்து ஆறு திரும்ப எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் மெதுவாகத்தான். அதே பாக்டீரியாவை முன்கூட்டியே தொட்டிக்குள் வைத்துத் தின்ன விடுகிறோம், அவ்வளவுதான் எங்கள் வேலை.

கேள்வி: தொட்டியில் என்ன மருந்து போடுகிறீர்கள்?

பெரும்பாலும் காற்றுதான்! சல்லடையில் குப்பையும், அடுத்த தொட்டியில் மணலும் நின்றபின், புளோயர் வைத்துக் காற்றை ஊதுகிறோம். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர், அடியில் படிந்த சேற்றைக் கொட்டாமல் அடுத்த முறைக்கும் வைத்துக்கொண்டால் சுத்தமாகும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். அந்தச் சேறு முழுக்கப் பசித்த பாக்டீரியா. இன்றும் அதே முறைதான்.

தினமும் காலையில் ஒரு லிட்டர் ஜாடியில் இந்தச் சேற்று நீரை எடுத்து, 30 நிமிடம் அசைக்காமல் வைப்பேன். நல்ல சேறு பழுப்பாக, மழை நனைத்த மண்வாசனையோடு இருக்கும். கால் ஜாடி அளவுக்கு இறங்கிப் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். நூல்போன்ற பாக்டீரியா பெருகிவிட்டாலோ பஞ்சு மாதிரி மிதக்கும், படியவே படியாது. அன்றைக்கு எனக்கு நிம்மதி கிடையாது. படியாத சேறு தொட்டி விளிம்பைத் தாண்டி ஆற்றுக்கே போய்விடும்.

கேள்வி: வெளியே வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, குடிக்கலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கும். அவற்றைக் கொல்ல புற ஊதாக் கதிர் அல்லது குளோரின். குளோரின் மீனையும் கொல்லும் என்பதால் ஆற்றில் விடும் முன் அதை நீக்க வேண்டும். அப்புறம் அம்மோனியா. தெளிந்த நீரிலும் ஒளிந்திருக்கும், மீனுக்கு நஞ்சு. அதை நைட்ரேட்டாக மாற்றுவது வேறு வகைப் பாக்டீரியா. மெதுவாக வளரும், குளிர் வந்தால் சோம்பிவிடும். பாஸ்பரஸ் மிஞ்சினால் ஆற்றில் பாசி மண்டும்.

கேள்வி: மழை பெய்தால் நல்லதுதானே, எல்லாம் நீர்த்துப்போகும்?

எங்களுக்குத் தலைவலி. வெள்ளம் வேகமாக வந்தால் மாதக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாவையே அடித்துக்கொண்டு போகும். மொட்டைமாடித் தண்ணீரைத் தயவுசெய்து சாக்கடைக் குழாயில் இணைக்காதீர்கள்.

கேள்வி: வெட் வைப்ஸ் பாக்கெட்டில் "ஃப்ளஷ் செய்யலாம்" என்று போட்டிருக்கிறதே?

போட்டிருக்கும். ஃப்ளஷ் ஆகவும் செய்யும். பிறகு பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் சுற்றிக்கொண்டு, சமையல் எண்ணெய்க் கொழுப்போடு சேர்ந்து, வடக்கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதைக் கையுறை போட்டுக் கத்தியால் அறுத்தெடுப்பது நாங்கள்தான். குப்பைத்தொட்டியில் போடுங்கள்.