கர்நாடக சங்கீதப் பதிவுகளை வீட்டில் கேட்க ஹோம் தியேட்டர் வாங்கலாமா, ஸ்டீரியோ போதுமா? ஒரு லட்சம் வரை செலவு செய்யத் தயார்.

ஸ்டீரியோ போதும். இரண்டு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபையர், அவ்வளவுதான். ஒரு லட்சம் வரை செலவு செய்யத் தயார் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். பாதியே தாராளம். மீதியை டிசம்பர் சீசன் டிக்கெட்டுக்கு எடுத்து வையுங்கள்.

நானும் முதலில் ஹோம் தியேட்டரில்தான் விழுந்தேன். கடையில் ஏதோ சண்டைப் படத்தைப் போட்டுத் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கவிட்டார்கள், மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பாடகர் மதுரை மணி ஐயரைப் போட்டால், மிருதங்கத்தில் கனத்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் மட்டும் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் மாதிரி உறுமியது. தொப்பியில் ரவைப் பசை அப்புவதே அந்தப் பக்கத்து ஒலியைக் கீழே இறக்கத்தான். கீழ் ஒலிக்கென்றே ஹோம் தியேட்டரோடு வரும் சப்வூஃபர் பெட்டி அதையே பிடித்து ஊதிப் பெரிதாக்கும். போதாததற்கு நான் அந்தப் பெட்டியைச் சுவர் மூலையில் வேறு வைத்திருந்தேன். மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் கூடும். பாவம், மணி ஐயர் கிணற்றுக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துப் பெரும் பாடகர்களான அரியக்குடி, ஜி.என்.பி., மணி ஐயர் மூவருமே 1965-க்கும் 1968-க்கும் இடையில் மறைந்துவிட்டார்கள். அவர்கள் கச்சேரிகளாக நமக்குக் கிடைப்பவை வானொலிப் பதிவுகளும், ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் எடுத்துவைத்தவையும்தான். பெரும்பாலும் மோனோ. உள்ளே இருப்பது ஒரே தடம் என்னும்போது ஐந்து ஸ்பீக்கர் என்ன செய்யும்? சரவுண்ட் பொத்தானை அழுத்தினால் இல்லாத எதிரொலியைக் கலந்து கொடுக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஹோம் தியேட்டர் இருந்தால் அதை விற்க வேண்டாம். 'ஸ்டீரியோ' என்ற நிலைக்கு மாற்றி, சப்வூஃபரைப் பாதிக்கும் கீழே குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

மோனோவுக்கு எதற்கு இரண்டு ஸ்பீக்கர் என்று கேட்பீர்கள். சரியாக வைத்தால் குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், வெறும் காற்றில் வந்து உட்காரும். எனக்கு ஸ்டீரியோ வாங்கி ஆறு மாதம் வரை அது நடக்கவில்லை. குரல் சுவர் முழுக்கத் தடவிவிட்ட மாதிரி இருந்தது. பதிவுதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒட்டடை அடிக்க இடது ஸ்பீக்கரைத் திருப்பியபோது பார்த்தால், பின்னால் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றிச் செருகிவிட்டு அதே பாட்டைப் போட்டேன். மணி ஐயர் வந்து டிவி ஸ்டாண்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செலவு: பூஜ்யம்.

இடது வலது மாறியிருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. மேடையில் மிருதங்கக்காரர் பொதுவாகப் பாடகருக்கு வலப்பக்கம் உட்கார்வார், தொப்பிக்கு எதிர்ப்பக்கமான வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக. ஆக, நமக்கு மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் கேட்க வேண்டும். பிற்காலத்து ஸ்டீரியோ பதிவுகளில் எல்லாவற்றையும் நடுவில் குவிக்காமல் விட்டிருந்தால் இது தெரியும். (பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி இடக்கை வித்வான் என்றால் தலைகீழ். ஆனால் அவர் 1962-லேயே போய்விட்டார், அவர் பதிவுகளில் இந்தச் சோதனைக்கே வழியில்லை.)

வைக்கும் இடம்: இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணம். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி. ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில் இருக்க வேண்டும். நான் தரையில் சாய்ந்துகொண்டு கேட்கிற ஆள் என்பதால், காசு கொடுத்து வாங்கிய ஸ்டாண்டைப் பரணில் போட்டுவிட்டு ஆளுக்கொரு மணைக்கட்டையில் வைத்திருக்கிறேன். நம் வீடுகளில் டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவரும் சேர்ந்து குரலைக் கூசவைக்கும். முன்னால் ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாலே பாதி கூச்சம் போய்விடும்.

சரி, எல்லாம் வைத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் தம்புராவைத்தான் கேட்பேன். ஆலாபனையில் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் தம்புரா காதில் விழுகிறதா? வெறும் 'உம்' என்று இல்லாமல், ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) பிடித்த தம்புராவுக்கு உண்டான அந்த ரீங்காரத்தோடு விழுகிறதா? விழுந்தால் அதற்கு மேல் ஸ்பீக்கருக்குச் செலவு செய்யாதீர்கள். ரொம்பவும் இறுக்கிச் சுருக்கிய எம்பி3 கோப்புகளில் முதலில் சாவது இந்த ரீங்காரம்தான். பழைய பதிவுகளின் 'உஸ்ஸ்' சத்தத்தைத் துடைக்கும் மென்பொருள்கள் இன்னும் மோசம். மாறாமல் சீராக ஒலிப்பதையெல்லாம் அவை இரைச்சல் என்று கணக்குப் போடும். கச்சேரியில் மாறாமல் சீராக ஒலிப்பது தம்புராவைத் தவிர வேறென்ன? உஸ்ஸோடு கேளுங்கள். பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும்.

சத்தம் எவ்வளவு? அந்த வித்வான் உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு. வீணையைக் கிட்டார் அளவுக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே நாலு பேருக்கு வாசித்த வாத்தியம் அது, ஏற்றினால் நரம்பில் நகம் உரசுவதுதான் பெரிதாகும். நாதஸ்வரம் நேர்மாறு. கோயில் வீதிக்கு என்று பிறந்தது, ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கேட்கவே கூடாது என்பது என் கட்சி. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கூடத்தில் போட்டுவிட்டு அடுக்களையில் நின்று கேட்டுப் பாருங்கள். ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்க, ஆம்ப்ளிஃபையரில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். சத்தம் குறையும்போது நம் காது கீழ் ஒலியைச் சரியாகப் பிடிக்காது, அதை ஈடுகட்டத்தான் அது. பகலில் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் பழைய கேசட்டுகள் இருந்தால் சுருதியைச் சோதித்துவிடுங்கள். அப்பா கோயில் கச்சேரி ஒன்றை பேட்டரி போட்ட டூ-இன்-ஒன்னில் பதிவு செய்திருக்கிறார். பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாக ஓடியிருக்கிறது, இப்போது சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. தொடக்கத்து வர்ணத்தை ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடிய மனுஷர் கடைசித் துக்கடாவில் இரண்டரைக்குப் போய்விட்டார்! ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். அரைக் கட்டைக்கு ஏறத்தாழ 6 சதவீதம். மொத்தமாகக் குறைத்தால் வர்ணம் பாழாகும் என்பதால் பாட்டுப் பாட்டாக வெட்டிச் செய்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டது, இன்னும் மங்களம் பாக்கி.