அவர் போட்ட கையெழுத்து

அன்புத் தங்கைக்கு,

"கணவர் ஸ்பான்சர் செய்து கனடாவுக்கு வந்து எட்டு மாதமாகிறது. சுதந்திர நாட்டில் இருக்கிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ வாசலைத் தாண்டவும் அவருடைய அனுமதி வேண்டும். பிரிந்தால் பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) போய்விடும் என்று மிரட்டுகிறார், உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள்.

உண்மை இல்லை. திருமணம் மெய்யானது, பி.ஆர். கையில் வந்துவிட்டது என்றால், பிரிவதால் அது பறிபோகாது.

"நான் கையெழுத்துப் போட்டதால்தான் நீ இங்கே நிற்கிறாய்" என்பதை நானும் கேட்டுக் கேட்டுக் கூனிப்போனவள். அந்தக் கையெழுத்து என்ன தெரியுமா? உங்களுக்கு பி.ஆர். கிடைத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்கு உங்கள் அடிப்படைத் தேவைகளுக்குத் தானே பொறுப்பு என்று அவர் அரசுக்குக் கொடுத்த உறுதிமொழி. பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும் அது நிற்கும். நீங்கள் அரசின் உதவித்தொகை பெற நேர்ந்தால், அதை அவரிடமிருந்து வசூலிக்க அரசுக்கு உரிமை உண்டு. எந்தத் தாளைக் காட்டி உங்களை மிரட்டுகிறாரோ, அது கட்டிவைத்திருப்பது அவரைத்தான். இதை அறிந்த அன்று நான் வாய்விட்டு அழுதேன்.

நான் வந்தது 2014இல். புதிதாக மணமாகிப் பிள்ளை இல்லாமல் வந்தவர்கள் 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அப்போது இருந்தது. கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு உண்டு என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை. நாட்காட்டியில் பென்சிலால் புள்ளி வைத்து நாளை எண்ணினேன். ஆங்கில வகுப்பு முடிந்து வரும்போது, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி, பனியில் நடந்து வருவேன். அந்தப் பத்து நிமிடம் மட்டும் என்னுடையது. பஸ் தாமதம் என்று வீட்டில் சொல்வேன். 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனையையே நீக்கிவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

விவாகரத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்ந்தாலும் அது கணக்கில் சேரும். இடையில் ஒத்துப்போய்ப் பார்க்கலாம் என்று 90 நாள் வரை சேர்ந்திருந்தாலும் கணக்கு முறியாது. ஆகவே அவசரமாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் அடி, உதை என்றால் காத்திருக்கவே கூடாது, 911ஐ அழையுங்கள். காப்பகம், சட்ட உதவி பற்றிக் கேட்க 211 இருக்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஒருவேளை பி.ஆர். இன்னும் வரவில்லை என்றால் கதை வேறு. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்று கனடாவில் தங்கக் கட்டணமில்லாத தற்காலிக அனுமதி 2019 முதல் இருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

என்னுடைய பாஸ்போர்ட்டும் பி.ஆர். அட்டையும் அவருடைய மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தன. அட்டை கையில் இல்லாவிட்டாலும் உரிமை உங்களுடையதே, வேறு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுடையது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். அவர் பார்க்காத போனிலிருந்து எழுதுங்கள்.