மேய்ச்சல் கோழி ஏன் காய்கறிப் பாத்தியையே கிளறுகிறது, எப்படித் தடுப்பது?

பகலில் திறந்துவிட்டு, இரவில் மட்டும் பஞ்சாரத்தில் அடைக்கும் கோழிதான் மேய்ச்சல் கோழி. திருநெல்வேலிப் பக்கத்து வெயிலில் தரையெல்லாம் இறுகிக் கிடக்கும்போது, தண்ணீர் ஊற்றிய பாத்தி மட்டும் பொதுபொதுவென்று இருக்கும். புழுவும் பூச்சியும் அங்கேதான். முற்றத்தில் காயும் நெல்லை நாம் காலால் துழாவுவது போல, கோழி மண்ணைப் பின்னுக்குத் தள்ளித் தேடுகிறது. அந்த வேகத்தில் நாற்றின் வேர் வெளியே வந்துவிடும். கீரை நாற்று பாவம், தாங்கவே தாங்காது.

பனைமட்டையை நெருக்கமாக நட்டு ஆளுயர வேலி போடுங்கள். மேலே குறுக்குக் கம்பு வேண்டாம். அதில் ஏறி உட்கார்ந்துதான் உள்ளே குதிக்கும். விதை போட்ட பாத்திக்கு உடைமரத்து முள்ளைப் பரப்பினால் போதும்.

அப்படியும் பறந்து வந்தால், ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் நறுக்கலாம். அது கோழிக்கு வலிக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். முற்றிய இறகில் ரத்தம் ஓடாது, வலிக்காது, உதிர்ந்தபின் புதிதாக முளைக்கும்.