இருபது பேர் ‘வருக’ சொல்லியும் புதியவர் ஏன் பேசுவதில்லை?

கேள்வி: தையல் கற்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். 240 பேர் இருக்கிறார்கள். சண்டை சச்சரவு கிடையாது. பழையவர்கள் எல்லோரும் நன்றாகப் பழகுகிறவர்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் இருபது பேராவது ‘வருக வருக’ என்கிறோம். ஆனால் புதியவர்கள் ஒரு ‘வணக்கம்’ போட்டதோடு சரி. பாதிப் பேர் ஒரு மாதத்துக்குள் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். வரவேற்பில் என்ன குறை?

பதில்: உங்கள் குழுவில் அன்புக்குப் பஞ்சமில்லை. அந்த அன்பு முழுவதும் வாசலிலேயே தீர்ந்துபோகிறது. ஒருவர் குழுவில் தங்குவாரா மாட்டாரா என்பது அவர் உள்ளே நுழைந்த நிமிடத்தில் முடிவாவதில்லை. அவர் முதன்முதலாக ஒன்றைக் கேட்டபோது யார் பதில் சொன்னார், எவ்வளவு நேரத்தில் சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதில்தான் முடிவாகிறது. அந்த முதல் பதில்தான் உண்மையான வரவேற்பு.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு கணக்கு எடுங்கள். கடைசியாகச் சேர்ந்த 20 பேரை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: சேர்ந்த நாள், ‘வணக்கம்’ தவிர்த்து முதலில் எழுதிய செய்தி, அதற்குப் பதில் வந்த நேரம், இரண்டாவது செய்தி எழுதினாரா இல்லையா. விலகியவர்களை விட்டுவிடாதீர்கள். குழுவின் விவரப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலுக்குக் கீழே, கடந்த 60 நாள்களில் வெளியேறியவர்களைப் பார்க்க முடியும். கணக்கை முடித்ததும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பலர் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கேட்கத் தயக்கம் இருக்கிறது. கேட்டும் பதில் இல்லை என்றால் ஆள் ஒதுக்கவில்லை. பதில் வந்தும் இரண்டாவது செய்தி இல்லை என்றால், பதில் சொன்ன விதத்தைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இப்போது புதியவர் பக்கம் இருந்து பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவருக்கு, அவர் சேர்வதற்கு முன்பு நடந்த பேச்சு தானாகத் தெரிவதில்லை. நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த குறிப்பு, வேடிக்கை, பழக்கம் எதுவும் அவர் திரையில் இல்லை. யாரோ இருவர் நேற்று விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருப்பதன் நடுவில் வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் இருபது பூங்கொத்துப் படங்களும் கைகூப்பிய பொம்மைகளும் வரிசையாக வருகின்றன. போன் விடாமல் அடிக்கிறது. அவர் செய்யும் முதல் வேலை குழுவை மியூட் செய்வது. ‘வருக’ என்பதற்கு ‘நன்றி’ தவிர வேறென்ன பதில் சொல்ல முடியும்? பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

எனவே வரவேற்பை ஒருவர் மட்டும் செய்யட்டும். மற்றவர்கள் அந்தச் செய்தியின் மேல் ஒரு இதயமோ கைகூப்பலோ ரியாக்‌ஷனாகப் போட்டால் போதும். அன்பும் தெரியும், போனும் அடிக்காது. வரவேற்பவர் சேர்ந்த அன்றைக்கே எழுத வேண்டும். @ குறி போட்டுப் பெயரைச் சேருங்கள். மியூட்டில் வைத்திருந்தாலும் தன்னைக் கூப்பிட்டது அவருக்குத் தெரியும். செய்தி ஐந்தாறு வரியைத் தாண்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்:

“வணக்கம், வாங்க. இங்கே புதிதாகக் கற்பவர்களும் பல வருடம் தைத்தவர்களும் இருக்கிறோம். பழைய செய்திகள் உங்களுக்குத் தெரியாது, அதனால் ‘ஏற்கெனவே கேட்டிருப்பார்களோ’ என்று யோசிக்காமல் கேளுங்கள். மிஷின் வைத்திருக்கிறீர்களா, இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? சந்தேகம் இருந்தால் இங்கேயே எழுதலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம். இந்த மாதம் புதியவர்களுக்கு நான்தான் துணை.”

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஒரு கேள்வி. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம், அந்தப் பதிலிலிருந்து அடுத்த பேச்சைத் தொடங்கவும் முடியும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் 240 பேர் முன்னால் மேடையேறச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வயது, ஊர், குடும்பம், வேலை என்று படிவம் நிரப்பச் சொல்வது அதைவிட மோசம்.

எப்படிக் கூப்பிடுவது என்பதிலும் நிறையப் பேர் புண்பட்டுப் போகிறார்கள். முகம் தெரியாத ஒருவரை ‘அக்கா’, ‘ஆன்ட்டி’, ‘தம்பி’ என்று நம் ஊகத்தில் கூப்பிட்டுவிடுகிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம், ஆனால் வயதை நாமே முடிவு செய்துவிட்டோம். யாரென்று தெரியாதபோது ‘சார்’ போடுவதும் அப்படித்தான். தையல் குழுவிலேயே பெண்களுக்கு ‘சார்’ விழுகிறது. முதல் சில நாள் பெயரும் ‘நீங்க’வும் போதும். ‘உங்களை எப்படிக் கூப்பிடலாம்?’ என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. முறை வைத்துக் கூப்பிடுவது பழகப் பழகத் தானாக வரும். ‘வா’, ‘போ’வைப் பழையவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

எழுத்திலும் இதே கதைதான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர், ல ள ழ மாற்றிப் போடுபவர், எழுதவே வராமல் குரல் பதிவு அனுப்புபவர் எல்லோரும் வருவார்கள். முதல் செய்தியில் பிழை திருத்தினால் இரண்டாவது செய்தி வராது. குரல் பதிவுக்குப் பதில் சொல்பவர், கேள்வி என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பதில் சொன்னால், பதிவைக் கேட்க முடியாத மற்றவர்களுக்கும் உதவும்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த உடனே ஒருவருடைய தொலைபேசி எண் உறுப்பினர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிறது. சேர்ந்த ஒரு மணி நேரத்தில் தனிச் செய்தியில் முன்பின் தெரியாத ஒருவர் ‘ஹாய்’ என்றால், பெண்கள் பலர் காரணம் சொல்லாமல் வெளியேறிவிடுவார்கள். உங்களிடம் புகாரும் வராது. ஆகவே ‘குழுவில் கேட்டு, சம்மதம் வாங்காமல் யாருக்கும் தனிச் செய்தி கூடாது’ என்பதைக் குழுவின் முதல் விதியாக வையுங்கள். மீறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பெண் நிர்வாகியின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பழைய உறுப்பினர், நல்லவர் என்றெல்லாம் பார்க்காமல் முதல் முறையே மீறியவரைக் கண்டியுங்கள். இரண்டாம் முறை நீக்கிவிடுங்கள். எண் வெளியே தெரிவதே சிக்கலாக இருந்தால் டெலிகிராம் யோசிக்கத் தக்கது. அங்கே எண்ணை மறைத்துப் பயனர் பெயரோடு இருக்கலாம்; பழைய பேச்சைப் புதியவர்கள் பார்க்கும்படி அமைப்பில் மாற்றவும் முடியும்.

கேட்காமல் யாரையும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். இணைப்பை அனுப்பி, விருப்பம் இருந்தால் வரச் சொல்லுங்கள். நிர்வாகி ஒப்புதல் தந்த பிறகே சேரும்படி ஒரு வசதி இருக்கிறது; அதைப் போட்டு வைத்தால் யார், எப்போது உள்ளே வருகிறார் என்பது உங்கள் கையில் இருக்கும். குழு விவரணையில் 2,048 எழுத்துகள் வரை இடம் உண்டு. அத்தனையையும் நிரப்ப வேண்டாம். மேலே தெரியும் இரண்டு மூன்று வரிகளைத்தான் ஆட்கள் படிக்கிறார்கள். குழு எதற்கு, எது கூடாது, யாரிடம் கேட்பது, இவை அங்கே வரட்டும். குழுவின் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்து வைக்கும் செய்திக்கு வாட்ஸ்அப்பில் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கெடு உண்டு. ‘பின் பண்ணியிருக்கே, பார்க்கலையா?’ என்று புதியவரைக் கேட்பதற்கு முன், அது இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி அந்த முதல் கேள்வி. ஒருவர் எழுதுகிறார்: “தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தா சிக்குது. பாபினை மாத்திட்டேன், சரியாகல.” பாபின் என்பது அடி நூலைச் சுற்றி வைக்கும் சிறு உருளை. இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்களைப் பாருங்கள். “இதை ஏற்கெனவே பேசியாச்சு, மேலே போய்ப் பாருங்க.” அவர் திரையில் மேலே ஒன்றுமில்லை. “டென்ஷன் பிரச்சனை.” நூலின் இறுக்கத்தைச் சொல்கிறார்; ஆனால் எந்த டென்ஷன், எந்தப் பக்கம் திருப்புவது? “மிஷின் பழசா இருக்கும், புதுசு வாங்குங்க.” இதைப் படித்தவர் மறுபடி வாயே திறக்க மாட்டார். சில சமயம் ஐந்து அனுபவசாலிகள் ஒரே நேரத்தில் ஐந்து விதமாகச் சொல்லி, தங்களுக்குள் வாதம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டவரை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

நல்ல பதில் இப்படி இருக்கும்: “அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவோம், நீங்கள் அதைப் பார்த்தது சரிதான். ஆனால் பெரும்பாலும் காரணம் மேல் நூல். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோர்த்தால், நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது, தளர்வாக ஓடி அடியில் சேர்ந்துவிடும். மேல் நூலை முழுக்க எடுத்துவிட்டு, ஃபுட்டைத் தூக்கி வைத்து முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். அப்புறம் ஒரு துண்டுத் துணியில் நாலு விரல் நீளம் தைத்து, அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.” அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை என்று முதலில் சொல்லியாகிவிட்டது. காரணம் வந்தது. ஒரே ஒரு வேலை கொடுத்தாயிற்று. திரும்பி வந்து பேச ஒரு காரணமும் கையில் கிடைத்துவிட்டது. அந்தப் படம்தான் அவருடைய இரண்டாவது செய்தி. அவர் முடிவைச் சொல்லும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்கட்டும். மறுநாள் சத்தம் இல்லையென்றால் பதில் சொன்னவரே ‘சரியாச்சா?’ என்று கேட்க வேண்டும். இந்த ஒற்றைச் சொல்லுக்கு இருபது பூங்கொத்துகள் ஈடாகாது.

திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து கேள்விகளுக்கு இப்படிப் பதில் எழுதி ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒட்டாமல், கேட்டவர் சொன்ன விவரத்தைத் தொட்டு ஒரு வரி முன்னால் சேர்த்து அனுப்புங்கள்.

பேசாமல் இருப்பவர்கள் எல்லோரும் நீங்கள் இழந்துவிட்டவர்கள் அல்ல. இணையக் குழுக்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் படிக்க மட்டும் செய்வார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுவார்கள், 1 சதவீதம் பேர்தான் பெரும்பகுதியை எழுதுவார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். அதைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் போக்கு அதுதான். ஓரமாக நின்று பார்த்துக் கற்பவரும் உறுப்பினர்தான். ‘பேசாதவர்கள் நீக்கப்படுவார்கள்’ என்ற அறிவிப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். பருத்தியா, பாலியெஸ்டர் நூலா என்பது போன்ற ஒரு வாக்கெடுப்பு வாரம் ஒன்று வையுங்கள்; கூச்சப்படுகிறவருக்கு ஒரு தட்டலில் கலந்துகொள்ள முடியும்.

புதியவர் முதல் வாரத்திலேயே விளம்பரமோ காலை வணக்கப் படமோ அனுப்பிவிடுவார். குழுவில் வைத்து நான்கு பேர் சேர்ந்து திட்டாதீர்கள். நிர்வாகி அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, தனிச் செய்தியில் எழுதட்டும்: “நீங்கள் அனுப்பிய படத்தை எடுத்திருக்கிறேன். நாளுக்கு நூறு செய்தி வருவதால் தையல் கேள்விகள் அடியில் போய்விடுகின்றன, அதனால் இந்த விதி. தவறாக நினைக்க வேண்டாம், நேற்று நீங்கள் கேட்டது நல்ல கேள்வி.” நிர்வாகி விதி சம்பந்தமாக அனுப்புவதால் இது தனிச் செய்தி விதிக்கு விலக்கு என்று முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். புதியவர்களைக் கடிந்து விரட்டும் பழக்கம் பெரிய இடங்களிலும் உண்டு. புதியவர்கள் தயங்காமல் கேட்பதற்காகவே ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012-இல் ‘தேநீர் இல்லம்’ என்று தனி இடம் தொடங்க வேண்டியிருந்தது.

ஒரே நாளில் நாற்பது பேரைச் சேர்ப்பதும் ஆபத்து. இணையத்தின் பழைய விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலத்தில் செப்டம்பர்தோறும் கல்லூரி மாணவர்கள் புதிதாக வருவார்கள். பழையவர்கள் ஒரு மாதத்தில் அவர்களைப் பழக்கிவிடுவார்கள். 1993-க்குப் பிறகு ஆட்கள் வருவது நிற்கவேயில்லை, பழக்கிவிட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ‘முடியாத செப்டம்பர்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வரவேற்கும் பொறுப்பை மூன்று பேர் மாதம் ஒருவராகச் சுழற்றுங்கள். ஒருவர் ஒரு வாரத்தில் கவனிக்கக்கூடியது ஐந்து புதியவர்களை. அதற்கு மேல் விண்ணப்பம் வந்தால் ஒப்புதலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்து, காத்திருக்கும் விவரத்தை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் ஆரம்பிக்க ஒரு வேலை இருக்கிறது. முதலில் எடுத்த அந்தக் கணக்கில், பதிலே வராத கேள்விகள் சில கிடைத்திருக்கும். ஒரு மாதம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் செய்தியையே தொட்டு, ரிப்ளை கொடுத்து எழுதுங்கள்: “உங்கள் கேள்வியை அன்றைக்குக் கவனிக்காமல் விட்டுவிட்டோம், மன்னிக்கணும். இன்னும் அந்தச் சிக்கல் இருக்கிறதா?”