‘வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னீர்களா?

கேள்வி: கிழக்கு லண்டனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இடப்பக்கம் இயங்காது. எங்களுடன்தான் இருக்கிறார். நாளுக்கு நான்கு தடவை, தடவைக்கு ஒரு மணித்தியாலம் என்று கேரர் வந்துகொண்டிருந்தார். கிழமைக்கு 28 மணித்தியாலம். இரண்டு மாதத்துக்கு முன் கவுன்சிலிலிருந்து போன் எடுத்து, ரிவியூ என்று இருபது நிமிடம் கதைத்தார்கள். அடுத்த கிழமை, ‘நிதி நெருக்கடியையும் குடும்பத்தின் உதவியையும் கருத்தில்கொண்டு’ 14 ஆகக் குறைப்பதாகக் கடிதம் வந்தது. மனைவி தன் வேலையை மூன்று நாளாகக் குறைத்துவிட்டார். முறைப்பாடு செய்தோம், இப்போது 21 தருகிறோம் என்கிறார்கள். அரசாங்கம் கவுன்சில்களின் காசை வெட்டியதால்தான் இவ்வளவும். சோஷல் கெயாருக்கென்று கவுன்சில் டாக்ஸில் தனியாக வாங்கும் காசு எங்கே போகிறது? கவுன்சில் மீதும் அமைச்சு மீதும் வழக்குப் போட விரும்புகிறோம். சேவைகளின் தரத்தைக் கண்காணிக்கும் கெயார் குவாலிட்டி கமிஷனுக்கும் எழுதப்போகிறோம்.

பதில்: அமைச்சை விட்டுவிடுங்கள். கவுன்சிலுக்கு எவ்வளவு மானியம் கொடுப்பது என்பது பாராளுமன்றத்தின் வேலை. அந்தத் தொகை போதாது என்று உங்கள் அம்மாவின் பெயரில் போகும் வழக்கு முதல் படியையும் தாண்டாது. கவுன்சில் டாக்ஸில் சோஷல் கெயாருக்கென்று 2016 முதல் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். அது கவுன்சிலின் மொத்த சோஷல் கெயார் செலவுக்குப் போகிற காசு, அதில் அம்மாவுக்கென்று தனிப் பங்கு கிடையாது. கெயார் குவாலிட்டி கமிஷனுக்கு எழுதப்போவதாகவும் சொல்கிறீர்கள். அவர்கள் 2023 முதல் கவுன்சில்களின் சோஷல் கெயார் வேலையை மதிப்பிட்டு அறிக்கை போடுகிறார்கள். தனி ஆளின் முறைப்பாட்டைத் தீர்ப்பது அவர்கள் வேலை அல்ல. எம்.பி.க்கு எழுதினால் மரியாதையான பதில் வரும். அது வரும்வரை உங்கள் காலக்கெடு நிற்காது.

நிதி நெருக்கடி என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பதில் தேவை. 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாம் கவுன்சில் 114ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்தது, அதாவது கையில் காசில்லை என்று எழுதியே கொடுத்தது. அப்போதுகூட நின்றது புதிய செலவுகள்தான். சட்டம் கட்டாயமாக்கிய சேவைகள் தொடர்ந்தன. கேர் அக்ட் 2014இன் கீழ் ஒருவருடைய தேவை தகுதியுள்ள தேவை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, காசில்லை என்பது கவுன்சிலுக்கு விடையாகாது.

உங்கள் வழக்கில் உள்ள ஒரே புள்ளி இதுதான்: 28ஐ 14 ஆக்குவதற்கு முன் அம்மாவின் கேர் பிளானை (என்ன உதவி, எத்தனை மணித்தியாலம் என்று கவுன்சில் எழுதிய திட்டத்தை) அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி சரியாகத் திருத்தினார்களா? அதற்கு அம்மாவையும், அவரைப் பார்க்கும் மனைவியையும் கலந்துபேசியிருக்க வேண்டும். அம்மாவின் நிலைமை மாறியிருக்கிறது என்றால் என்ன மாறியது என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கான அரசு வழிகாட்டியின் 13ஆம் அத்தியாயம், ரிவியூவை மனம்போனபடி பட்ஜெட்டைக் குறைக்கும் கருவியாகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. உங்களுக்கு வந்த கடிதத்தில் அம்மாவின் தேவை குறைந்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறைதான் உங்கள் கையில் உள்ள ஆயுதம். மனைவியின் சம்பள இழப்பு, போனில் பேசியவரின் மரியாதைக் குறைவு, மற்ற வீட்டுக்காரருக்கு எத்தனை மணித்தியாலம் கிடைக்கிறது என்பதெல்லாம் மனுவில் இடம் பிடிக்குமே தவிர வேலை செய்யாது.

இனி ஆபத்துக்கு வருவோம். கடிதத்தில் நிதி நெருக்கடிக்கு அடுத்து ‘குடும்பத்தின் உதவி’ என்று இருக்கிறதே, நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கவுன்சிலின் வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அது. 18ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு சொல்வது: குடும்பத்தில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கும் தேவையைக் கவுன்சில் நிறைவேற்ற வேண்டிய கடமை இல்லை. ஆகவே அந்த இருபது நிமிடப் போன்பேச்சில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முக்கியம். ‘மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்’ என்று சொல்லியிருந்தால், கேஸ் நோட்டில் ‘மகனும் மருமகளும் உதவ விருப்பமும் இயலுமையும் உள்ளவர்கள்’ என்று பதிவாகியிருக்கும். அது பணிவுக்குச் சொன்ன சொல் என்று நீதிபதிக்குத் தெரியாது.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்றால், சோஷல் வேர்க்கர் வருகிற நாளில் வீடு துடைத்திருக்கும், அம்மாவுக்கு நல்ல சேலை கட்டியிருக்கும். சாப்பாடு எப்படி என்று கேட்டால் அம்மா, ‘ஒரு குறையும் இல்லை, பிள்ளை நல்லாப் பாக்கிறா’ என்பார். கேட்பவர் வெள்ளைக்காரர், மொழிபெயர்ப்பது மகன். அம்மாவுக்கு இரவில் இரண்டு தடவை பாட் (சிறுநீரை உறிஞ்சும் அணையாடை) மாற்றுவது பற்றி மகன் வாயால் சொல்ல அம்மாவுக்கும் கூச்சம், மகனுக்கும் கூச்சம். அதனால் அந்த வேலை படிவத்திலேயே ஏறாது. ஏறாத தேவைக்கு மணித்தியாலமும் கிடையாது. அடுத்த ரிவியூவுக்குக் கவுன்சில் செலவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள்.

ஏற்கெனவே சொல்லிவிட்டால் என்ன செய்வது? குடும்பத்தவர் உதவ விரும்புகிறாரா, தொடர்ந்து செய்ய முடியுமா என்று 10ஆம் பிரிவின்படி கவுன்சில் கேட்டே ஆகவேண்டும். தானாக அனுமானிக்க முடியாது. கொடுத்த சம்மதத்தை எப்போதும் திரும்பப் பெறலாம். மனைவி தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். அதில் ‘என்னால் ஒன்றும் முடியாது’ என்று எழுதக்கூடாது, யாரும் நம்பமாட்டார்கள். ‘செவ்வாயும் வியாழனும் மதியச் சாப்பாடு கொடுப்பேன். கட்டிலிலிருந்து கொமோட் கதிரைக்கு மாற்றுவது, குளிப்பாட்டுவது, இரவில் பாட் மாற்றுவது ஆகியவற்றை இன்ன திகதிக்குப் பிறகு செய்யமாட்டேன்’ என்று வேலை வேலையாக எழுத வேண்டும். கேரர் அசெஸ்மென்ட் (வீட்டில் பார்ப்பவரின் நிலைமையைக் கவுன்சில் மதிப்பிடுவது) வேண்டும் என்றும் அதே மின்னஞ்சலில் கேட்கலாம். எழுதிவிட்டுப் பழையபடி எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால் அந்த மின்னஞ்சலுக்கு மதிப்பில்லை. அதற்காக ‘பார்க்கட்டும்’ என்று அம்மாவைக் கவனிப்பில்லாமல் விடவும் வேண்டாம். 42ஆம் பிரிவின்படி பாதுகாப்பு விசாரணை வரும், அதில் கேள்வி கேட்கப்படுவது நீங்கள்.

பதினான்கு நாளுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். கேரர் வந்த நேரம், போன நேரம், முடிக்காமல் விட்ட வேலை, அதை முடித்தவர் யார். 14 என்றால் தடவைக்கு அரை மணித்தியாலம்தான், அதில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் கணக்கு தானாக வரும். கையுறை போட்டு, ஃபோல்டரைப் புரட்டி, அம்மாவை எழுப்பிக் கதிரைக்கு மாற்றவே பத்து நிமிடம். விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால் தண்ணீரைத் தடிப்பாக்கி ஒவ்வொரு வாயாகக் கொடுக்க வேண்டும். அவசரப்படுத்தினால் நுரையீரலுக்குப் போகும். குளிப்புக்கு எஞ்சுவது ஐந்து நிமிடம். இதை ஒரு பேச்சுச் சிகிச்சையாளரோ ஜி.பி.யோ இரண்டு வரியில் எழுதித் தந்தால், உங்கள் பத்துப் பக்க மனக்குறையைவிட அது கூடப் பேசும். கேரர் போனில் பதியும் வருகை நேரமும் கேஸ் நோட்டும் வேண்டும் என்று கவுன்சிலிடம் தரவுக் கோரிக்கை போடுங்கள். பதில் தர ஒரு மாதம் உண்டு, இழுத்தடிக்கவும் செய்வார்கள். ஆகவே இன்றே போடுங்கள்.

இரண்டு மாதம் போய்விட்டது என்கிறீர்கள். ஜுடிஷியல் ரிவியூவுக்கு, அதாவது கவுன்சிலின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்க்கும் வழக்குக்கு, தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். முறைப்பாடு நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. கவுன்சிலின் இரண்டாம் கட்டப் பதிலுக்குக் காத்திருந்தே பலர் இதில் தவறுகிறார்கள். வழக்குக்கு முந்திய கடிதத்துக்குப் பதில் தரவே வழமையாகப் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும். அது இந்தக் கிழமைக்குள் போக வேண்டும். மனுதாரர் அம்மா, நீங்கள் அல்ல. லீகல் எய்டுக்கு (அரச செலவில் வழக்காடும் உதவிக்கு) பார்ப்பதும் அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும்தான். சேமிப்பு வரம்பு பொதுவாக 8,000 பவுண், வருமானம் குறைந்த முதியவருக்கு அதற்கு மேலும் விலக்கு உண்டு. லீகல் எய்ட் இல்லாமல் போய்த் தோற்றால் கவுன்சிலின் செலவும் உங்கள் தலையில். கவுன்சில் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போக பன்னிரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் போன விடயத்தை அவர் எடுப்பதில்லை, அவர் பரிந்துரைக்கும் தொகையும் பெரும்பாலும் சில நூறு பவுண்தான்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெக்டொனால்ட் என்ற பெண்ணின் வழக்கில் கென்சிங்டன் செல்சி கவுன்சில் இரவுக் கேரரை நிறுத்திப் பாட் கொடுத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் கவுன்சில் பக்கம் நின்றது: தேவையைத் தீர்க்க மலிவான வழி இருந்தால் அதைத் தெரிவு செய்யலாம் என்றது. 2014இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு வருடத்துக்கு மட்டும் கவுன்சில் தவறு என்றது. அந்த ஒரு வருடம் எது? கேர் பிளானைத் திருத்தாமலே சேவையை வெட்டிய காலம். நட்டஈடு 1,000 யூரோ. உங்கள் வழக்கும் அதே ஓட்டையில்தான் நிற்கிறது, அதன் விலையும் அவ்வளவுதான். நீதிபதி 28ஐத் திருப்பித் தரமாட்டார், திரும்ப முடிவெடு என்று அனுப்புவார். கவுன்சில் இந்தமுறை ஒழுங்காக ஆள் அனுப்பி, ஒழுங்காகக் காரணம் எழுதி, 21 என்றே முடிவெடுக்கலாம்.

ஆகவே 21ஐத் தூக்கி எறியாதீர்கள். 21 என்றால் நான்கு தடவையும் முக்கால் மணித்தியாலம். காலையும் இரவும் ஒரு மணித்தியாலம், நடுவில் இரண்டு தடவை முக்கால் என்று கேளுங்கள். கிழமைக்கு 24½ வரும். குறிப்பேடு சரியாக இருந்தால் பெரும்பாலும் அங்கே முடியும். வழக்குக்கு முந்திய கடிதம் மேசையில் இருக்கும்போதுதான் இதைப் பேச வேண்டும்: புது அசெஸ்மென்ட் வரும்வரை 28 தொடரும், அசெஸ்மென்ட் திகதி எழுத்தில், மொழிபெயர்ப்பாளருடன், முடிவு கேர் பிளானில். ‘முழுத் தீர்வு’ என்ற சொல் உள்ள எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மணித்தியாலத்துக்குப் பதிலாக டைரக்ட் பேமென்ட் (கேரரை நீங்களே அமர்த்தக் கவுன்சில் தரும் காசு) தருகிறோம், மனைவியையே கேரராக வையுங்கள் என்று யாராவது சொன்னால் நில்லுங்கள். ஒரே வீட்டில் இருக்கும் மருமகளுக்கு அந்தக் காசிலிருந்து சம்பளம் கொடுக்க 2014 விதிகள் பொதுவாக விடுவதில்லை. அவசியம் என்று கவுன்சில் எழுத்தில் ஏற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து ஆடிட் வந்து முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும். வெளியாளை வைத்தால் நீங்கள் முதலாளி: பேரோல், விடுமுறைச் சம்பளம், காப்புறுதி, பென்ஷன் எல்லாம் உங்கள் பொறுப்பு.

கோபத்தில், கேர் செலவில் அம்மா கட்ட வேண்டிய பங்குக் கட்டணத்தை நிறுத்தியிருந்தால் நாளைக்கே கட்டிவிடுங்கள். அது தனிக் கடன், 69ஆம் பிரிவின்படி கவுன்ட்டி கோர்ட்டில் வசூலிக்கலாம். பேச்சுவார்த்தையில் கவுன்சிலின் கையில் நீங்களாகக் கொடுக்கும் தடியும் அதுதான்.