ஜீரோ வட்டி கார்டில் வட்டி எப்படி வந்தது?

அந்த வட்டி நீங்கள் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் செய்த, அதாவது வேறு கார்டு பாக்கியிலிருந்து இந்தக் கார்டுக்கு மாற்றிய, 1.2 லட்சத்துக்கு இல்லை. நீங்கள் வாடகைக்கு விடும் வீட்டின் பாத்ரூமுக்கு அதே கார்டைத் தேய்த்து வாங்கிய டைல்ஸுக்கும் குழாய்க்கும். பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்குப் பெரும்பாலும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே மீட்டர் ஓடும்.

ஸ்டேட்மென்டைப் பாருங்கள். மாதம் 3.5% அளவில் வட்டி, அதன்மேல் 18% ஜிஎஸ்டி என்று இருந்தால் இதுதான் விஷயம். டிரான்ஸ்ஃபருக்குப் பிடித்த புராசஸிங் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள், ஜீரோ எல்லாம் விளம்பரத்தில்தான்.

மிச்ச வேலைக்கு இந்தக் கார்டை எடுக்காதீர்கள். கொத்தனார் கூலிக்கு ஏடிஎம்மில் போட்டு எடுப்பது இன்னும் மோசம், அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும்.

ஒன்று மட்டும்: குடிவருபவர் தரும் அட்வான்ஸை வைத்து அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது அவர் காலி செய்யும்போது திருப்பித் தரவேண்டிய பணம்.